பாறைக்குக் கீழே ஒரு சிவப்புப் புள்ளி

ஈரம் காயாத ஒரு திட்டு வண்ணத்துக்காக என் மனைவியைச் சாகக் கொடுக்கப் பார்த்தவன் நான். இதை இப்படிப் பட்டவர்த்தனமாக எழுத எனக்கு இருபது வருடம் ஆகியிருக்கிறது. அதுவரை கேட்டவர்களுக்கெல்லாம் கொஞ்சம் பூசி மெழுகித்தான் சொல்லிவந்தேன்.

ஆரணியில் பட்டுச்சேலைக்கு கிராப் போடுவது என் தொழில். முந்தானையில் வருகிற மயிலையும் மாங்காயையும் கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பித் தருவேன். அதைப் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள். துளை விழுந்த இடத்தில் ஜரிகை மேலே வரும். ஒரு கட்டம் என்றால் ஒன்று உண்டு, இல்லையென்றால் இல்லை. பாதி உண்டு என்பது என் தொழிலிலேயே கிடையாது. அப்படிப்பட்டவன் நீர்வண்ணத்தில் போய் விழுந்ததற்கு ஒரு பழைய புத்தகம்தான் காரணம்.

தொண்ணூறுகளின் கடைசியில், டிசைன் கொடுக்கச் சென்னை போயிருந்தபோது நடைபாதைக் கடையில் அதை வாங்கினேன். முன்னூறு பக்கம், ஆங்கிலம். இருநூறு வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் நீர்வண்ணத்தில் வரையப்பட்ட மலைகள், பாறைகள், அருவிகள். அட்டையில் 'ரொமான்டிக்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. என் மனைவி புரட்டிப் பார்த்துவிட்டு, "ரொமான்டிக்னு போட்டுகினு ஒரு ஜோடியகூட காணோமே. கல்லுங்கதான் கீது" என்றாள்.

கல்தான். ஆனால் எப்படிப்பட்ட கல்! எந்தப் பாறைக்கும் கோடு கிடையாது. தண்ணீர் மாதிரி ஆரம்பித்து, கீழே வரவரக் கனத்து, நம் தலைமேல் விழுகிற மாதிரி நின்றன. வெளிச்சம் பட்ட இடம் வெறும் தாள். ஒன்றும் பூசாமல் விட்டதுதான் வெயில். அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன். அந்தக் காலத்து ஓவியர்கள் பயத்தைத் தேடிப் போனார்களாம். செங்குத்துப் பாறைக்குக் கீழே போய் நின்று, உடம்பு நடுங்குகிறதா என்று பார்த்துவிட்டு, அந்த நடுக்கத்தை வரைந்தார்களாம். ஆனால் ஒரு நிபந்தனை: பார்ப்பவன் பத்திரமான இடத்தில் இருந்துகொண்டுதான் பயப்பட வேண்டும். அப்போதுதான் பயமும் அழகாக இருக்கும். இந்த வரிக்குக் கீழே நான் பென்சிலால் கோடு போட்டிருந்தேன், என்னவோ பெரிய ஞானம் கிடைத்துவிட்டதாக.

இன்னொன்றையும் அந்தப் படங்களில் கண்டுபிடித்தேன். முக்கால்வாசிப் படங்களில் பாறையின் காலடியில் எறும்பளவுக்கு ஒரு ஆள் இருப்பான். அவன் மேல் ஏதாவது சிவப்பு இருக்கும், ஒரு சட்டையோ சால்வையோ. அந்தச் சிவப்பை விரலால் மறைத்துப் பார்த்தால் பாறை கைக்கு அடங்குகிற கல்லாகிவிடும். விரலை எடுத்தால் மறுபடியும் மலை. சாம்பலும் பச்சையுமாக இருக்கிற தாள் முழுவதையும் அந்த ஒரு புள்ளிதான் தூக்கி நிறுத்தியது.

நான் வரைந்தவை வேறு மாதிரி வந்தன. பட்டில் ஜரிகை பின்பக்கம் நீளமாக எங்கும் பிடிப்பில்லாமல் ஓடினால் மோதிரத்தில் மாட்டி இழுத்துக்கொள்ளும். அதனால் கிராப்பில் கொஞ்ச தூரத்துக்கு ஒரு புள்ளி வைத்து அதைப் பிடித்து நிறுத்துவோம். வருடக்கணக்காக அதையே செய்த கை, பாறையிலும் சும்மா இருக்காமல் புள்ளி வைத்தது. பெரிதாக ஒரு பூச்சு பூசி முடித்ததும், என்னை அறியாமல் நடுநடுவே பொட்டுப் பொட்டாக வைத்துவிடுவேன். "இன்னாங்க, பாறைக்கு அம்மை போட்டுகிச்சா?" என்பாள் மனைவி. கோபம் பொத்துக்கொண்டு வரும். அவள் சொல்வது சரி என்பதால் இன்னும் அதிகமாக வரும். அந்தப் பழக்கத்தை விட்டொழிக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

களம்பூர் போகிற சாலையிலிருந்து உள்ளே மண்பாதையில் போனால் ஒரு கல்மலை. அதன் ஒரு பக்கத்தில் இரண்டு பெரிய பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, நடுவில் இருட்டாக ஒரு இடுக்கோடு நின்றன. புத்தகத்தில் இருந்த பாறைகள் எனக்காக இங்கே வந்து நின்ற மாதிரி இருந்தது. மலையின் மறுபக்கத்தைக் குவாரிக்காரர்கள் உடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்க்கப் பார்க்க உடைப்பு இந்தப் பக்கம் நெருங்கியது. ஒருநாள் காவலுக்கு இருந்தவர் என்னைப் பிடித்துக்கொண்டார். கையில் தாளும் பென்சிலும் இருந்ததால், பேப்பருக்கு எழுதுகிறவன் என்றோ மனுப் போடுகிறவன் என்றோ நினைத்துவிட்டார்.

"இன்னா எழுதிகினு கீற? கெளம்பு, கெளம்பு. பொங்கல் தாண்டினா இந்தப் பாறையே இருக்காது, இத்த எழுதி இன்னா பண்ணப்போற?"

அதற்கப்புறம் அவர்கள் கண்ணில் படாமல் பின்பக்கமாக ஓடைவழியில் வந்து பார்ப்பேன். வெடி வைக்கும் முறையும் எனக்குத் தெரிந்துபோனது. தினமும் மதியம் ஒரு மணிக்கு. முதல் விசில் அடித்தால் ஆட்கள் இறங்கி ஒதுங்குவார்கள். ஒரு ஆள் நான்கு மூலைக்கும் நடந்துபோய்ச் சிவப்புத் துணியைக் கொடியாகக் கட்டுவார். நான்கு மூலையிலும் சிவப்பு தெரிந்ததும், மேலே நிற்கிற வெடிக்காரர் இரண்டாவது விசில் அடிப்பார். மூன்றாவது விசிலுக்குத் திரி. முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் குறைந்தது பத்து நிமிடம் இருக்கும். கைக்கடிகாரத்தை வைத்துப் பலமுறை பார்த்திருந்தேன்.

சென்னையில் ஒரு கண்காட்சிக்கு ஓவியம் கேட்டிருந்தார்கள். பாறைக்குப் பொங்கல்வரைதான் ஆயுசு. எனக்குக் காலடியில் ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள்மேல் சிவப்பு வேண்டும். வேறு யாரைக் கேட்பேன்?

"கல்லு சந்துல பாம்பு இருக்கும். நானு வரல" என்றாள் மனைவி. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். மூன்றாம் நாள், "சரி, வந்து தொலைக்கிறேன்" என்றாள். வீட்டில் ஒரு அரக்குச் சிவப்புப் பட்டு இருந்தது. என் கிராப்பில் நான் செய்த தப்பால் பார்டர் கோணலாகி, வியாபாரி வேண்டாம் என்று தள்ளிய சேலை. அதைக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். பாறைக்கு யாராவது பட்டு கட்டுவார்களா என்று சிரித்துக்கொண்டே கட்டினாள். இரண்டு வயது மகளை என் அம்மாவிடம் விட்டுவிட்டு, மொபெட்டில் கிளம்பினோம். குவாரியில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் விரட்டுவார்கள். காலை ஏழு மணிக்குப் போய்ப் பதினொன்றுக்குள் திரும்பிவிடலாம், வெடியோ ஒரு மணிக்கு. என் கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

மார்கழி மாதம். வானம் மூடியிருந்தது. அவள் அந்த இரண்டு பாறைகளுக்குக் கீழே ஒரு கல்லில் உட்கார்ந்தாள். நான் குச்சியால் இடுக்கைக் குத்திப் பாம்பு இல்லை என்று காட்டிவிட்டு, அறுபதடி தள்ளி ஒரு தட்டைக் கல்லில் பலகையை மடியில் சாய்த்து வைத்து உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் வெயிலில் நீர்வண்ணம் பூசுவது பெரிய பேஜார். தாளில் பட்டவுடன் காய்ந்துவிடும். பூச்சு இறங்குவதற்குள் ஓரம் கோடாகிவிடும். அன்றைக்குத்தான் முதல்முறையாகக் காற்றில் ஈரம் இருந்தது. முதலில் அவள் சேலைக்கு ஒரு துளி சிவப்பை வைத்து உலரவிட்டேன். பிறகு மேலே பாறையின் உச்சியில் நீலமும் பழுப்பும் கலந்த சாம்பலை வைத்தேன். அது காயவில்லை. சாய்ந்த தாளில் திரண்டு, நான் பிரஷ்ஷால் காட்டிய வழியில் மெல்ல இறங்கியது. வெளிச்சம் வேண்டிய இடத்தில் விலகியது, நிழலில் கனத்தது. பாறை தானாகவே என் மடியில் உருவாகிக்கொண்டிருந்தது. ஒரு புள்ளிகூட வைக்கவில்லை நான். அப்படி ஒரு சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட எனக்கு வரவில்லை. வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

பாதி இறங்கியிருந்தது. அப்போது விசில் கேட்டது.

மணி ஒன்பதரைகூட ஆகவில்லை. ஆனாலும் அது வெடி விசில் என்று எனக்குத் தெரியும். லாரிக்காக அடித்திருப்பார்கள் என்று நினைத்தேன் என்றெல்லாம் பிற்பாடு சொல்லியிருக்கிறேன். அது பொய். தெரியும். அவளுக்கும் தெரிந்துவிட்டது. எழுந்து நின்று என்னைப் பார்த்தாள்.

பத்து நிமிடம் இருக்கிறது என்று மனசு சொன்னது. இந்தப் பூச்சு முடிய இரண்டு நிமிடம் போதும். நடுவில் விட்டால் ஓரம் காய்ந்து கோடு விழும். இந்த ஈரம் இனிமேல் எனக்கு எங்கே கிடைக்கும்? அவள் நின்றதும் பாறையின் உயரமே மாறிப்போயிருந்தது. நான் இடது கையை உயர்த்தி, உட்கார் என்று காட்டினேன்.

அவள் ஒரு கணம் நின்றாள். பிறகு உட்கார்ந்தாள்.

தாளைத் தவிர நான் வேறு எதையும் பார்க்கவில்லை. சாம்பல் வண்ணம் பாறையின் இடுப்பைத் தாண்டி, அவள் தலைக்கு மேலே உள்ள இருட்டு இடுக்கை நோக்கி இறங்கியது. அப்போது இரண்டாவது விசில் அடித்தது.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கொடிக்காரர் நான்கு மூலைக்கும் நடந்திருக்கவே முடியாது. நான் தலையை நிமிர்த்துவதற்குள், அதோடு ஒட்டினாற்போல மூன்றாவதும் வந்தது. மேலிருந்து, "வெடி! வெடி!" என்று ஒரு குரல் இழுத்துக் கத்தியது.

அதற்கப்புறம் நடந்ததை நான் எல்லோரிடமும் இப்படித்தான் சொல்லிவந்தேன்: எல்லாவற்றையும் வீசிவிட்டு ஓடினேன். அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினேன். அவள் எழுந்து இரண்டு எட்டு வைத்தாள். நான் பாதி தூரம் போவதற்குள் தரை தூக்கிப் போட்டது. விழுந்தேன். சத்தம் அப்புறம்தான் வந்தது. கல் மழை. என்னைச் சுற்றிப் பொத்துப் பொத்தென்று விழுந்துகொண்டே இருந்தது. கைகளால் தலையை மூடிக்கொண்டு கிடந்தேன்.

கல் விழுவது நின்றதும் தலையைத் தூக்கினால் பாறையைக் காணவில்லை. எங்கு பார்த்தாலும் வெள்ளைத் தூசி. கத்தினேன். பதில் இல்லை. மறுபடியும் கத்தினேன். என் குழந்தைக்கு நான் என்ன சொல்வேன் என்று தோன்றியது, அதை மட்டும்தான் நினைத்தேன். தூசிக்குள் தவழ்ந்து போய்க் கையால் துழாவினேன்.

அவள் நடந்து வந்தாள். தலைமுடி, முகம், கை எல்லாம் வெள்ளை. இடுப்புக்குக் கீழேதான் சேலையின் சிவப்பு தெரிந்தது. நெற்றியோரத்தில் இருந்து ரத்தம் தூசியில் கோடாக இறங்கியிருந்தது. என்னைப் பார்த்து, ஊருக்கே கேட்கிற மாதிரி, "உசுரோட கீறனா நானு?" என்று கத்தினாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். வெடித்த பக்கத்திலிருந்து அவளைக் காப்பாற்றியது அந்தப் பெரிய பாறைதான். இரண்டு எட்டு வைத்தவள், திரும்பிப் போய் அதோடு முதுகை ஒட்டிக்கொண்டு குந்தியிருக்கிறாள். கற்கள் தலைக்கு மேலே போய்விட்டன. ஒரு சில்லு மட்டும் சீவிவிட்டது.

மேலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். முதலில் வந்தவர் வெடிக்காரர், ஐம்பது வயதுக்காரர். என் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

"எவன்யா நீ? பொம்பளைய பாறைக்கு அடியில குந்த வெச்சிகினு இன்னா வேலை உனக்கு?"

படம் வரைந்தேன் என்றேன். அவர் அவளைப் பார்த்தார், அவள் சேலையைப் பார்த்தார். பிடியை விட்டுவிட்டார்.

"மழ வர மாதிரி இருந்துச்சு. குழியில தண்ணி எறங்கினா மருந்து போயிடும்னு ஜல்தியா வெச்சிட்டேன். கொடி கட்ட ஆளு போனான். மேல நின்னு பாத்தா மூணு மூலையில கட்டினாப்பல தெரிஞ்சுது. இந்த மூலையிலயும் சேப்பா தெரிஞ்சுது. கட்டிட்டான்னு நெனச்சிட்டேன்யா."

கொடிக்காரர் பின்னாலேயே வந்து நின்றார். இந்த மூலைக்குக் கட்ட வேண்டிய சிவப்புத் துணி அவர் தோளில்தான் கிடந்தது. மற்ற மூன்றும் நேற்றுக் கட்டியது, அவிழ்க்காமல் அப்படியே இருந்ததாம். அதனால்தான் நேரமே ஆகவில்லை. வெடிக்காரர் தரையில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைக்கப் பார்த்தார். நான்கு குச்சி உரசியும் முடியவில்லை.

கொடிக்காரர்தான் என் பலகையை எடுத்துவந்து கொடுத்தார். அதை வாங்கி மொபெட்டில் கட்டினேன். அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நெற்றியில் நான்கு தையல். இடது காதில் சவ்வு கிழிந்திருந்தது. அந்தக் காது இன்றுவரை சரியாகக் கேட்பதில்லை. அன்று முதல் நான் அவளுக்கு வலப்பக்கமாகத்தான் நடக்கிறேன்.

அவள் அம்மா வந்து கேட்டபோது, "நாங்க பாட்டுக்கு படம் வரைய போனோம், சொல்லாம வெடி வெச்சிட்டாங்க" என்றாள். நான் கையைக் காட்டி உட்காரச் சொன்னதை அவள் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்கப்புறமும் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எப்போது கேட்பாள் என்று ஒவ்வொரு நாளும் காத்துக்கொண்டிருந்தேன். சாப்பாடு போடும்போது தட்டு கொஞ்சம் சத்தமாக விழுந்தால்கூட, இதோ கேட்கப்போகிறாள் என்று நிமிர்ந்து பார்ப்பேன். திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ஓவியத்தைப் பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்க்க வைத்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து அவள்தான் அதை வெளியே எடுத்தாள். துணியால் துடைக்காமல், வாயால் ஊதித் தூசியை நீக்கிவிட்டு, தூரத்தில் வைத்துப் பார்த்தாள். "அனுப்புங்க. இதுக்குத்தானே போனோம்" என்றாள். அவ்வளவுதான். அவள் முகத்திலிருந்து என்னால் ஒன்றையும் படிக்க முடியவில்லை. ஒரு தீற்றல்கூடச் சேர்க்காமல், இருந்தபடியே அனுப்பினேன். தேர்வாகிவிட்டது.

மூன்று பேரும் சென்னைக்குப் போனோம். பெரிய கூடம். நம் தாளைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வேறு யாருடையதோ போலப் பார்ப்பது ஒரு மாதிரி இருந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு அவள் எனக்கு இடப்பக்கம் நின்றாள், கேட்கிற காது என் பக்கம் இருக்கும்படி. தேர்வுக்குழுவில் இருந்த வயதான ஓவியர் ஒருவர் எங்களிடம் வந்தார்.

"இந்தப் பாறையில கல்லோட சொரசொரப்பு அப்படியே வந்திருக்கு. உப்பு போட்டீங்களா?"

இல்லை என்றேன். ஈரத்தில் கல்தூசி வந்து விழுந்தது என்றேன். எப்படி என்று கேட்டார். சொன்னேன், எல்லோருக்கும் சொல்வதுபோல. விசில் கேட்டதும் எல்லாவற்றையும் வீசிவிட்டு ஓடினேன் சார், திரும்பி வந்து பார்த்தால் இப்படி ஆகியிருந்தது என்று. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "படம் போனா போகுதுன்னு ஓடினீங்க பாருங்க" என்று என் தோளைத் தட்டினார். அந்தச் சிவப்புப் புள்ளிக்கு மேலே பாறையை முடிக்காமல் பனி மாதிரி வெள்ளையாக விட்டதுதான் படத்துக்கே உயிர் என்றார். இவர்தான் அந்தப் புள்ளியா என்று அவளுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

அவர் போகும்வரை அவள் சிரித்த முகமாகவே நின்றாள். பிறகு படத்தைப் பார்த்தபடியே, மகளை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு பேசினாள்.

"வீசிட்டு வந்திருந்தா வண்ணம் வழிஞ்சிருக்காதா? இத்தினி படம் போடறவரு, அவருக்கு அது தெரியல பாருங்க."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"மூணாவது விசிலு அடிச்சப்ப நீங்க மடியில இருந்து பலகைய எடுத்தீங்க. கல்லு மேல சாயாம வெச்சீங்க. கையால அமுக்கிப் பாத்தீங்க, ஆடுதான்னு. அப்பறம்தான் ஓடியாந்தீங்க. நானு உங்களையேதான் பாத்துகினு இருந்தேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நான் மறுப்பேன் என்று எதிர்பார்த்தவளாகவும் தெரியவில்லை. மகள் தண்ணீர் கேட்டாள். இரண்டு பேரும் வாசலுக்குப் போனார்கள். நான் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். உச்சியிலிருந்து இறங்கிவந்த சாம்பல் வண்ணம் அவள் தலைக்கு ஒரு விரலளவு மேலே, நான் பலகையைச் சமமாக வைத்த கணத்தில் இருந்த இடத்திலேயே நின்றிருந்தது. ஒரு சொட்டுகூட வழிந்திருக்கவில்லை.